ராப்5 அணையாமலே இருந்தால் எண்டோசோம் ஏன் இவ்வளவு பெரிதாகிறது?

பச்சைவளையம்:

வணக்கம். இரண்டு வாரமாக ஒரு கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது. இங்கே செல் உயிரியல் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

ஹீலா என்ற மனிதச் செல்களில், எண்டோசோமில் (செல் வெளியிலிருந்து உள்ளே இழுப்பது முதலில் வந்து சேரும் சவ்வுப் பை) உட்காரும் ராப்5 புரதத்தை, பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்தோடு ஒட்டிப் போட்டு கன்ஃபோகல் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாதாரண ராப்5 போட்ட செல்லில் தட்டில் கடுகு சிதறின மாதிரி சின்னச் சின்னப் பச்சைப் புள்ளிகள், பாதி நகர்ந்துகொண்டே இருக்கும். 79ஆவது அமினோ அமிலமான குளுட்டமினுக்குப் பதில் லூசின் வைத்து மாற்றிய வடிவத்தை, அதாவது மியூட்டன்டைப் போட்டால் புள்ளிகளைக் காணோம், வளையல்கள்தான். நடு கருப்பு, ஓரம் மட்டும் பச்சை, ஒரு செல்லுக்கு எட்டுப் பத்து. முதல் தடவை பார்த்தபோது செல் செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துத் தட்டையே தூக்கிப் போட்டுவிட்டேன். மறுபடி போட்டாலும் அதேதான்.

படத்தைப் பார்த்த என் வழிகாட்டி ஏன் பெரிதாகியிருக்கிறது என்று கேட்டார். ராப்5 குவானோசின் டிரைபாஸ்பேட்டைப் பிடித்திருந்தால் ஆன், அது உடைந்து டைபாஸ்பேட் ஆனால் ஆஃப்; இது டிரைபாஸ்பேட்டை உடைக்க முடியாத மியூட்டன்ட், எப்போதும் ஆன் நிலையிலேயே இருக்கும் என்றேன். "சரி, ஆனில் இருந்தால் என்ன? அதற்கு எதற்குப் பை பெரிதாக வேண்டும்?" என்று திருப்பிக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பாடப்புத்தகங்களில் ராப்5தான் ஆரம்பக்கட்ட எண்டோசோமின் முதன்மைக் கட்டுப்பாட்டாளர் என்று ஒரு வரி எழுதி அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் அது 215 அமினோ அமிலம் உள்ள குட்டிப் புரதம். மோட்டார் கிடையாது, சவ்வோடு சவ்வை ஒட்டவைக்கும் ஸ்னேர் புரதமும் கிடையாது. அப்படியானால் அது என்னதான் செய்கிறது? செல்லுக்குள் இத்தனை சவ்வுகள் இருக்கும்போது எண்டோசோம் எது என்று அதற்கு எப்படித் தெரிகிறது?

இன்னொன்று, குவானோசின் டிரைபாஸ்பேட், டைபாஸ்பேட் இரண்டின் சுருக்கத்தையும் தமிழில் எழுதினால் ஜிடிபி என்றுதான் வருகிறது. குழம்பாமல் இருக்க டிரைபாஸ்பேட், டைபாஸ்பேட் என்றே எழுதலாமா?

ஈஸ்ட்வாசி:

எழுதலாம், நானும் அப்படியே எழுதுகிறேன்.

உங்கள் வழிகாட்டி சரியான இடத்தில்தான் பிடித்திருக்கிறார். ராப்5 ஆட்களைக் கூப்பிடுகிற புரதம், வேலையைச் செய்வது வந்து சேர்கிற ஆட்கள். டிரைபாஸ்பேட்டைப் பிடித்திருக்கும்போது அதன் உடம்பில் ஸ்விட்ச் 1, ஸ்விட்ச் 2 என்று இரண்டு பகுதிகள் மூன்றாவது பாஸ்பேட்டைப் பற்றிக்கொண்டு விறைப்பாக நிற்கும். அந்த பாஸ்பேட் உடைந்து போனதும் இரண்டும் தளர்ந்துவிடும். மற்ற புரதங்கள் அடையாளம் கண்டு வந்து பிடிப்பது அந்த விறைப்பான முகத்தைத்தான். அதாவது மூன்றாவது பாஸ்பேட் இருக்கிறவரை ராப்5க்கு ஒரு முகம் உண்டு, போனால் முகமே இல்லை.

அப்படி வருகிறவர்களில் இரண்டு பேரைச் சொன்னாலே உங்கள் வளையல் புரிந்துவிடும். ஒன்று விபிஎஸ்34 என்ற லிப்பிட் கைனேஸ். சவ்வில் இருக்கும் பாஸ்படிடைல்இனோசிட்டாலின் 3ஆவது இடத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும், அப்படிக் கிடைக்கும் லிப்பிட்டுக்குப் பிஐ3பி என்று பெயர். இன்னொன்று இஇஏ1. ஒல்லியான, நீளமான புரதம், இரண்டு இழை முறுக்கிய கயிறு மாதிரி சுமார் 200 நானோமீட்டர் நீண்டிருக்கும். செல்லின் மேல்பரப்பிலிருந்து கிளாத்ரின் என்ற புரத உறையோடு உள்ளே வரும் பைகளே 100 நானோமீட்டர் வாக்கில்தான் இருக்கும், அப்படியென்றால் பையைவிட இரண்டு மடங்கு நீளமான கை. அதன் ஒரு நுனி எண்டோசோமின் சவ்வில் பிஐ3பியைப் பிடித்து ஊன்றிக்கொள்ளும், மறு நுனி வெளியே நீண்டு இன்னொரு பையில் இருக்கும் ராப்5ஐத் தேடும். ஊன்றிக்கொள்ளும் இடத்தில் பிஐ3பி, ராப்5 இரண்டுமே இருந்தால்தான் பிடிப்பு நிற்கும். வங்கி லாக்கர் மாதிரி, மேலாளர் சாவியும் வேண்டும், நம் சாவியும் வேண்டும். ஒன்று மட்டும் இருக்கிற சவ்வில் போய்த் தப்பாக ஒட்டாமல் இருப்பதற்கு இதுதான் காவல்.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தீராத விஷயம் ஒன்று இருக்கிறது. 2016இல் டிரெஸ்டனில் இருக்கும் குழு காட்டியது. வெளியே நீண்டிருக்கும் நுனியில் ராப்5 வந்து மாட்டியவுடன் அந்த விறைப்பான கயிறு துவண்டுவிடுகிறது. துவண்ட கயிற்றின் இரண்டு முனைகளும் தாமாகவே கிட்டே வரும், கூடவே மாட்டிய பையும் இழுபட்டு வரும். ராப்5 ஒரு கைப்பிடி மாதிரி நிற்கிறது, இழுப்பதைக் கயிறு பார்த்துக்கொள்கிறது. இரண்டு சவ்வும் தொடுகிற தூரத்துக்கு வந்தபிறகு ஸ்னேர்கள் முறுக்கிக்கொண்டு ஒட்டவைக்கின்றன.

இப்போது உங்கள் மியூட்டன்ட். குளுட்டமின் 79 செய்கிற வேலை, ஒரு நீர் மூலக்கூறைச் சரியான கோணத்தில் நிறுத்தி மூன்றாவது பாஸ்பேட்டைத் தாக்க வைப்பது. ராப்களின் உறவுக்காரப் புரதமான ராஸில் இதற்கு இணையான இடம் 61, புற்றுநோய்களில் அடிக்கடி மாறிப்போகிற இடம் அது. அதை எடுத்துவிட்டால் ராப்5இன் முகம் மாறுவதே இல்லை. இஇஏ1 வந்துகொண்டே இருக்கும், எண்டோசோமும் எண்டோசோமும் சேர்ந்துகொண்டே இருக்கும். சாதாரண செல்லில் சேர்வதும் பிரிவதும் ஒன்றையொன்று ஈடுகட்டுகிறது, இங்கே சேர்கிற பக்கம் மட்டும் கனத்துவிட்டது. கடுகுகள் சேர்ந்துதான் வளையல் ஆகியிருக்கின்றன. 1994இலேயே இந்த மியூட்டன்டில் பார்த்து எழுதிவிட்டார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு, சாதாரண ராப்5ஐயே அளவுக்கு மீறி உற்பத்தி செய்தாலும் எண்டோசோம் பெருக்கிறது என்று வந்திருக்கிறது. அதனால் நீங்கள் ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் சாதாரண ராப்5 செல்களில் மிகப் பிரகாசமாக இருப்பவற்றை எண்ணாதீர்கள்.

நான் ஈஸ்ட் ஆள் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. ராப் குடும்பத்தின் முதல் தடயமே ஈஸ்டில்தான். 1983இல் ஆக்டின் ஜீனுக்கும் டியூபுலின் ஜீனுக்கும் நடுவில் ராஸ் மாதிரி ஒரு ஜீன் கிடப்பதைப் பார்த்தார்கள், அதுதான் ஒய்பிடி1. ஷெக்மன், நோவிக் இருவரும் தேடிப்பிடித்த சுரப்பு மியூட்டன்ட்களில் ஒன்றான செக்4ம் இதே இனம்தான் என்று 1987இல் தெரிந்தது. செக்4 பழுதான ஈஸ்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் செல் முழுக்கப் பைகள் அடைந்து கிடக்கும். வந்து சேர்ந்த பைகள் வெளிச்சவ்வோடு சேர வழியில்லாமல் நிற்கின்றன. உங்கள் வளையலுக்கு நேர் எதிர்ப் படம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். ராப் என்ற பெயர்கூட எலி மூளையில் கிடைத்த ராஸ் மாதிரியான ஜீன்கள் என்பதிலிருந்து வந்ததுதான், அதுவும் 1987.

குவார்க்:

ஈஸ்ட்வாசி சொன்னதில் ஒரு கேள்விக்குப் பதில் வரவில்லை. ராப்5க்கு எண்டோசோம் எது என்று எப்படித் தெரிகிறது?

தெரியாது. என் வரையில் இந்தத் துறையிலேயே முக்கியமான விஷயம் இதுதான். ராப்களின் பின்முனை வால் ஒவ்வொன்றுக்கும் வேறு மாதிரி இருக்கும், 1991இல் வால்களை மாற்றி ஒட்டிப் பார்த்து, முகவரி வாலில்தான் எழுதியிருக்கிறது என்றார்கள். ரொம்ப நாள் எல்லோரும் அப்படியே படித்தோம், சில புத்தகங்களில் இன்னும் அப்படியே இருக்கிறது. வாலுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 2013இல் செய்த ஒரு சோதனையைப் பாருங்கள். ராப்5க்கு டிரைபாஸ்பேட் ஏற்றிவிடுகிற ராபெக்ஸ்-5 என்ற புரதத்தை எடுத்து, சம்பந்தமே இல்லாத மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் கட்டிவைத்தார்கள். ராப்5 கிளம்பி மைட்டோகாண்ட்ரியாவில் போய் உட்கார்ந்துகொண்டது. வால் அதே வால்தான். ராப்1, ராப்8 இரண்டுக்கும் அவற்றை ஏற்றிவிடும் புரதங்களை வைத்துச் செய்தபோதும் இதே கதை.

எப்படி நடக்கிறது என்றால், ராப்5இன் பின்முனையில் இரண்டு சிஸ்டீன்களில் கொழுப்பு வால் ஒட்டியிருக்கும், ஜெரானைல்ஜெரானைல் என்று பெயர், ஒவ்வொன்றும் 20 கார்பன் நீளம். அந்தக் கொழுப்போடு சும்மா தண்ணீரில் மிதக்க முடியாது. டைபாஸ்பேட் பிடித்த ராப்5ஐ ஜிடிஐ என்ற புரதம் கொழுப்பை மூடி மறைத்து சைட்டோசாலில் தூக்கிக்கொண்டு அலையும். அங்கங்கே ஒவ்வொரு சவ்வாகத் தொட்டுப் பார்க்கும். ஏற்றிவிட ஆள் இல்லாத சவ்வில் ராப்5 இறங்கினாலும் ஜிடிஐ திரும்பப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். ராபெக்ஸ்-5 இருக்கிற சவ்வில் இறங்கினால் உடனே டைபாஸ்பேட் போய் டிரைபாஸ்பேட் வந்துவிடும், அந்த வடிவத்தை ஜிடிஐயால் பிடிக்க முடியாது, ராப்5 அங்கேயே தங்கிவிடும். சந்தைக்கு வந்த பஸ் எல்லா நிறுத்தத்திலும் நிற்கிற மாதிரிதான், யார் கைபிடித்து இறக்கிக்கொள்கிறார்களோ அங்கேதான் இறங்குகிறோம்.

ராபெக்ஸ்-5 டிரைபாஸ்பேட்டை உள்ளே தள்ளுகிறது என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள், அது தப்பு. அது செய்வது ராப்5 டைபாஸ்பேட்டைப் பிடித்திருக்கும் குழியைத் திறந்து அதை வெளியே விடுவது மட்டும்தான். தானாக விட்டால் டைபாஸ்பேட் வெளியே வர மணிக்கணக்கு ஆகும், பிடி அவ்வளவு இறுக்கம். திறந்த குழிக்குள் எது வந்து விழும் என்பதைச் செல்லில் எது அதிகம் இருக்கிறதோ அது முடிவு செய்கிறது. டைபாஸ்பேட்டைவிட டிரைபாஸ்பேட் கிட்டத்தட்ட பத்து மடங்கு இருக்கும், அதனால் அதுவே விழும்.

34ஆவது செரினை அஸ்பராஜின் ஆக்கிய மியூட்டன்டும் உங்களிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். அது டைபாஸ்பேட் நிலையிலேயே இருப்பதால் சும்மா கிடக்கிறது என்று விளக்கம் எழுதிவிடாதீர்கள். அது ராபெக்ஸ்-5ஐ விடாமல் பிடித்துக்கொள்கிறது, செல்லின் சொந்த ராப்5க்கு ஏற்றிவிட ஆள் கிடைக்காமல் போகிறது. தேர்விலும் இதைத்தான் கேட்பார்கள்.

பச்சைவளையம்:

ரொம்ப நன்றி இரண்டு பேருக்கும், பஸ் உதாரணம் படித்ததும் பளிச்சென்று புரிந்தது. ஆனால் இப்போது கேள்வி ஒரு படி தள்ளிப்போய்விட்டதே அண்ணா. ராபெக்ஸ்-5ஐ அங்கே யார் கொண்டுவந்து வைத்தது? ராப்5 வந்தால் ராபாப்டின்-5 வரும், அது ராபெக்ஸ்-5ஐ ஒட்டிக்கொண்டு வரும், ராபெக்ஸ்-5 இன்னும் ராப்5ஐ ஏற்றிவிடும் என்று படித்தேன். சுற்றிச் சுற்றி வளர்கிறது, சரி. முதலில் தொடங்கி வைப்பது யார்?

அப்புறம், அணைப்பது எதற்கு என்பதும் இன்னும் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. எண்டோசோம் பெரிதாக இருந்தால் செல்லுக்கு என்ன நஷ்டம்?

குவார்க்:

சரக்கே தொடங்கி வைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. செல்லின் மேல்பரப்பில் இருந்து உள்ளே இழுக்கப்படும் பல ரிசெப்டர்களின் மேல் யுபிக்யுடின் என்ற சின்னப் புரதம், சிதைக்க வேண்டியது என்ற அடையாளமாக, ஒட்டியிருக்கும். ராபெக்ஸ்-5ஆல் யுபிக்யுடினைப் பிடிக்க முடியும். ஆக, சிதைக்க வேண்டிய சரக்கு எந்தப் பையில் வருகிறதோ அந்தப் பைக்கே ராபெக்ஸ்-5ம் வருகிறது. அதன்பிறகு நீங்கள் சொன்ன சுழற்சி பிடித்துக்கொள்ளும். தீப்பெட்டி யுபிக்யுடின், காற்று ராபாப்டின் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேக்ரோஃபேஜ்:

அணைப்பது எதற்கு என்ற கேள்விக்கு நான் வருகிறேன், என் வேலையே அதில்தான்.

2005இல் டிரெஸ்டனில் மரினோ செரியல் குழு ஒற்றை ஒற்றை எண்டோசோமாகத் தொடர்ந்து படம் எடுத்தார்கள். எல்டிஎல் (கொழுப்பு சுமக்கும் துகள்) சரக்கு ஏற்றிய எண்டோசோம் ஓரத்தில் சின்னதாகத் தொடங்கி, நடுவை நோக்கி வர வர மற்றவற்றோடு சேர்ந்து பெரிதாகி, ராப்5 ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் ராப்5 மடமடவென்று கழன்று அதே பையின் மேல் ராப்7 ஏறியது. பை அதேதான், சட்டை மட்டும் மாறியது. ராப்7 ஏறினால்தான் சரக்கைச் செரிக்கும் லைசோசோமோடு சேர்கிற வழி திறக்கும், மைக்ரோடியூபுல் வழியே நடுவுக்கு இழுக்கிற டைனீன் மோட்டாரையும் அதுவே பிடித்துக் கொடுக்கும். மாற்றி வைப்பது மோன்1-சிசிஇஸட்1 என்ற ஜோடி. வேடிக்கை என்னவென்றால் அந்த ஜோடியைக் கூட்டி வருவதே ராப்5ம் பிஐ3பியும்தான். வந்ததும் அது ராபெக்ஸ்-5ஐத் தள்ளிவிட்டு ராப்7க்கு டிரைபாஸ்பேட் ஏற்றுகிறது. ராப்5 தன் வேலையை நன்றாகச் செய்தால் தன்னை அணைப்பவரையும் தானே கூப்பிட்டுவிடுகிறது.

இது நடக்காமல் போனால் என்ன நஷ்டம் என்பதைக் காசநோய்க் கிருமி காட்டும். மேக்ரோஃபேஜ் என்ற நோய்த்தடுப்புச் செல் கிருமியை விழுங்குகிறது, பை உருவாகிறது, ராப்5 ஏறுகிறது. அதோடு நின்றுவிடுகிறது. ராப்7 ஏறுவதில்லை, லைசோசோம் வருவதில்லை, உள்ளே அமிலமும் சரியாக ஏறுவதில்லை. கிருமி அந்த ராப்5 பையையே வீடாக வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிறது. ராப்5 கட்டத்துக்கும் ராப்7 கட்டத்துக்கும் நடுவில் தடை விழுகிறது என்று 1997இல் தடுப்பூசிக்குப் பயன்படும் வலுவிழந்த பிசிஜி கிருமியை வைத்துக் காட்டினார்கள். காசநோய்க் கிருமி வெளியே விடும் சாப்-எம் என்ற பாஸ்படேஸ் பிஐ3பியின் பாஸ்பேட்டைக் கொத்தி எடுத்துவிடுகிறது, ஈஸ்ட்வாசி சொன்ன லாக்கரின் ஒரு சாவி போச்சு. கன்ஃபோகலில் நான் பார்க்கிறபோது, செத்த கிருமியை விழுங்கிய பை ராப்7 சட்டை போட்டுக்கொண்டு நடுவில் போய்ச் சேர்ந்திருக்கும், உயிருள்ள கிருமி இருக்கிற பை ராப்5ஓடு அப்படியே நிற்கும். ஒரே செல்லில் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும், ஏனென்றால் அதே நோயோடுதான் வெளியே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உங்கள் வளையல் பற்றி ஒரு எச்சரிக்கை. ராப்5 அணையவில்லை, அதனால் இந்தப் பை முதிர்வதே இல்லை என்று எழுதிவிடத் தோன்றும். எழுதுவதற்கு முன், பிற்கட்ட எண்டோசோம், லைசோசோம் சவ்வுகளின் அடையாளமான லாம்ப்1 புரதத்துக்கு ஆன்டிபாடி போட்டுப் பாருங்கள். இந்த மியூட்டன்ட் வளையங்களில் லாம்ப்1 இருப்பதாகக் காட்டிய ஆய்வுகள் உண்டு, ஆரம்பக்கட்டமும் பிற்கட்டமும் கலந்த ஒரு சவ்வாகக்கூட இருக்கலாம். எத்தனை மணி நேரம் கழித்து ஃபிக்ஸ் செய்கிறீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள்.

அந்திவெளிச்சம்:

நான் உயிரியல் படித்தவன் இல்லை, கணக்குப் பார்க்கிற வேலை. தேடிக்கொண்டிருந்தபோது ராப் என்ற சொல்லைப் பார்த்து உள்ளே வந்தேன். என் தம்பிக்குக் கோராய்டெரீமியா, பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிக்கும் பரம்பரை விழித்திரை நோய். பள்ளிக்கூட நாளிலேயே மாலை ஆறு மணிக்கு மேல் சைக்கிளைத் தொடமாட்டான், வாசல்படியில் செருப்பைக் காலால் தடவித் தேடுவான். நாங்கள் பயந்தாங்கொள்ளி என்று திட்டியிருக்கிறோம். முதலில் பார்த்த கண் மருத்துவர் வேறு ஒரு விழித்திரை நோயின் பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டார், பதினோரு வருடம் கழித்து ஜீன் சோதனையில்தான் சரியான பெயர் வந்தது. அதில் ஆர்இபி1 புரதம் இல்லை, ராப் புரதங்களுக்கு அது தேவை என்று எழுதியிருந்தது. கண்ணுக்கும் இந்தப் பைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது எனக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா?

குவார்க்:

சொல்கிறேன். மேலே கொழுப்பு வால் என்று எழுதினேன் இல்லையா, அந்த வால் ராப்கள் பிறக்கும்போது இருக்காது, பிறகு ஒரு நொதி வந்து ஒட்டவேண்டும். புதிதாகப் பிறந்த ராப்பை அந்த நொதியிடம் கைபிடித்துக் கூட்டிப்போவது ஆர்இபி1. மனிதனில் 60க்கும் மேல் ராப்கள் உண்டு, கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் இந்த வழிதான். அப்படியானால் உடம்பு முழுக்கக் கெட்டிருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். ஆர்இபி2 என்று ஒரு சகோதரப் புரதம் இருக்கிறது, பெரும்பாலான இடங்களில் அது சமாளித்துவிடுகிறது. விழித்திரையில் அது போதவில்லை. கோராய்டெரீமியா உள்ளவர்களின் செல்களில் ராப்27ஏ என்ற ராப் வால் ஒட்டாமல் தேங்கிக் கிடப்பதை 1995இல் கண்டார்கள். வால் இல்லாத ராப் எந்தச் சவ்விலும் உட்கார முடியாது. விழித்திரையின் நிறமி அடுக்குச் செல்கள் ஒவ்வொரு நாளும் ஒளி வாங்கும் செல்களின் உதிர்ந்த நுனிகளை விழுங்கிச் செரித்துக்கொண்டே இருக்கின்றன, வாழ்நாள் முழுக்கப் பைப் போக்குவரத்து ஓயாத இடம் அது. வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நலிகிறது, முதலில் மங்கிய வெளிச்சத்தில் பார்வை போகிறது. ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண்களுக்குத்தான் கடுமையாக வரும். தம்பி பயந்தாங்கொள்ளி இல்லை, அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்காது.

ஆர்இபி1 ஜீனை வைரஸில் ஏற்றி விழித்திரைக்கு அடியில் ஊசி போடும் சிகிச்சையின் முதல் முடிவுகள் 2014இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்தன, ஆறு பேருக்கு. நம்பிக்கை தந்தது. அதற்குப் பிறகு நடந்த பெரிய சோதனை 2021இல் அதன் முக்கிய இலக்கை எட்டவில்லை. மறைக்காமல் சொல்வதுதான் சரி என்று எழுதுகிறேன். உங்கள் அம்மா, சகோதரிகள் இருந்தால் அவர்களுக்கும் மரபணு ஆலோசனை கேளுங்கள்.

அந்திவெளிச்சம்:

நன்றி சார். தங்கை இருக்கிறாள், அடுத்த வருடம் கல்யாணம். இதுவரை யாரும் எங்களிடம் இதைச் சொன்னதில்லை. தம்பிக்கு இதை வாசித்துக் காட்டினேன், அந்தக் கயிறு துவள்கிற இடத்தை இரண்டாவது தடவையும் வாசிக்கச் சொன்னான்.

பச்சைவளையம்:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். லாம்ப்1 போட்டேன், மேக்ரோஃபேஜ் சொன்னது சரி, எல்லா வளையலிலும் இல்லை, சிலவற்றில் தெளிவாக இருக்கிறது. 18 மணி நேரத்தில் குறைவு, 30 மணி நேரத்தில் கூடுதல். பிரகாசமான செல்களை விட்டுவிட்டு மங்கலானவற்றை மட்டும் எடுத்தேன்.

உயிருள்ள செல்லையும் பத்து விநாடிக்கு ஒரு படமாக எடுத்துப் பார்த்தேன். இரண்டு வளையல்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து ஒட்டி நின்றன, நடுவில் பச்சைச் சுவர் ஒன்று, சோப்பு நுரையில் இரண்டு குமிழி ஒட்டினால் நடுவில் நேர்க்கோடாகத் தெரியுமே, அதே மாதிரி. ஒன்பது படம் வரை சுவர் அப்படியே இருந்தது. பத்தாவது படத்தில் இல்லை. கொஞ்சம் நெளிந்த ஒரே வளையல், அடுத்த இரண்டு படத்தில் வட்டமாகிவிட்டது. வழிகாட்டியிடம் காட்டினேன், ஒன்றும் சொல்லாமல் மவுஸை வாங்கி மூன்று தடவை திரும்ப ஓட்டிப் பார்த்தார்.